சீன மருந்துக்குப் பத்தியம்

முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருஷம் இருதய ஓ.பி.யில். ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இருதயம் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது, களைத்துப்போய், வேலையை அரைகுறையாகச் செய்யும். உடம்பில் நீர் கட்டும். காலில் கட்டினால் செருப்பு போட முடியாது, நுரையீரலில் கட்டினால் மூச்சு விட முடியாது. அதனால் அங்கே என் முக்கியமான வேலை எடை பார்ப்பது. இரண்டு மூன்று நாளில் மளமளவென்று ஏறினால் அது சதை இல்லை, நீர். இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

1. நாலு கிலோ

தாசையன் திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். அறுபது தாண்டியவர். மாதம் தவறாமல் மனைவி ரோசம்மாவோடு வருவார். எடை கூடாது, குறையாது. இந்த மாதிரி நாலு பேர் இருந்தால் எங்கள் வேலை சுகம் என்று நினைப்பேன்.

அன்றைக்கு ஏறி நின்றதும் முள் நாலு கிலோ கூடக் காட்டியது. கணுக்காலை அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"மாத்திரை போடுதியளா?"

"போடுகேன் சிஸ்டர்."

"அப்ப உப்புதான். கருவாடு தின்னியளோ?"

பதிலுக்குக் காத்திராமல் நான் ரோசம்மாவைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, "உங்க கைதான் இவரக் கொல்லுது, பாத்துக்கிடுங்க" என்றேன். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். டாக்டர் நீர் போகிற மாத்திரையைக் கூட்டி எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

2. சிவப்புப் பெட்டி

ஆறாம் நாள் காலையில் தாசையனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். ஆக்சிஜன் வைத்து, நீர் இறக்குகிற லாசிக்ஸ் ஊசி போட்டு, ஐ.சி.யூ.வுக்கு அனுப்பினோம். பிழைப்பார் என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே ரோசம்மா பையிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்து நீட்டினார். முழுக்கச் சீன எழுத்து, மூலையில் ஒரு இருதயப் படம்.

"சிங்கப்பூர்ல இருந்து எனக்க மவன் குடுத்துவிட்டான் சிஸ்டர். கூட வேல செய்யுத சீனக்காரனுக்க அப்பாவுக்கு இதத் தின்னு நல்ல சொகமாம். மூலிகை மருந்தாம்."

"சரி. நம்ம மாத்திரைய எப்ப நிறுத்தினாரு?"

"இது தொடங்குன அண்ணைக்கே. பச்சிலை மருந்துல்லா, பத்தியம் உண்டுமே. இங்கிலீஷ் மருந்தும் கூடச் சேந்தா உள்ள சண்டை போடும்னாரு. புளி விட்டாரு, மீனு விட்டாரு. கருவாடு வீட்டுக்குள்ளயே வரல்ல சிஸ்டர்."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. சீன மருந்துக்குப் பத்தியம் வை என்று எவரும் சொல்லவில்லை. நம் ஊர் வைத்தியருக்கு வைக்கிற பத்தியத்தை அவரே அதற்கும் வைத்துவிட்டார். மகனுக்குப் போன் போட்டேன். "மத்த மாத்திரைய விடாதீங்கன்னு தனியா சொல்லணும்னு எனக்குத் தோணல்லியே சிஸ்டர்" என்று அழுதான்.

டாக்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீன மூலிகை ஹார்ட் ஃபெயிலியருக்கு உதவுமான்னு ஆராய்ச்சி நடக்கத்தான் செய்யுது, நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நம்ம மாத்திரையோட சேந்தா என்ன செய்யும்னும் தெரியாது. இப்ப அடிச்சது என்னவோ மாத்திரைய நிறுத்துனதுதான்" என்றார்.

3. ஏச்சு

நாலாம் நாள் தாசையன் தலையணை வைத்துப் படுத்தார். பக்கத்தில் போய், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்று கேட்டேன்.

"போன வருசம் நீர்முள்ளிக் கஷாயம் குடிச்சேன்னு சொன்னேன். சாவணும்னா வீட்டுலயே கிடந்து சாவும், இங்க எதுக்கு வாறீருன்னு கேட்டிய. அத்தன பேரு முன்னால. அதான் சொல்லல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை நினைவிலேயே இல்லை. கால் கடுத்த ஏதோ ஒரு மத்தியானம் சொல்லியிருப்பேன். அப்படி எத்தனை பேரிடம் என்னவெல்லாம் சொன்னேனோ, அவர்கள் எதையெல்லாம் என்னிடம் மறைத்தார்களோ. அன்று அவரிடமும் ரோசம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சிஸ்டர், உங்களுக்கும் தீராத வேல" என்றார் ரோசம்மா. அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

தாசையன் வீட்டுக்குப் போனார். இருதயம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நாலு மாதம் வந்தார். ஐந்தாம் மாதம் ரோசம்மா மட்டும் வந்தார், மிச்ச மாத்திரையை யாருக்காவது ஆகும் என்று மேஜையில் வைத்தார்.

"ஒரு நேரங்கூட விடல்ல சிஸ்டர். நீங்க வெசனப்படுவியன்னு சொல்லிச் சொல்லித் தின்னாரு."

எடை பார்க்கிற இடத்தில் இப்போது நிற்கிற நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் உங்கள் முகம் மாறக் கூடாது. லேசான காரியம் இல்லை. எனக்கு அது கடைசிவரை முழுசாக வரவில்லை.