இடப்பக்கம் மட்டும் இளைத்த கதை

லிஃப்டுக்குள் நான் கால் வைத்தால் அதற்கு வாய் வந்துவிடும். எட்டுப் பேர் ஏறலாம் என்று தகட்டில் பொறித்திருக்கும். ஏழாவது ஆளாக நான் நுழைந்ததும் 'கீ, கீ' என்று கத்தும். உள்ளே இருப்பவர்கள் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள்; பிறகு நாகரிகம் கருதிக் கூரையைப் பார்ப்பார்கள். அந்த மணியைப் பொருத்தியதே நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் லிஃப்ட் மெக்கானிக். பாரம் கூடினால் சொல்லிக்காட்டுகிற கருவியைப் பார்த்துப் பார்த்துப் பொருத்திவிட்டு, அதன் வாயாலேயே நாலு பேர் முன்னால் மானம் போகிற ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என்னோடு வேலை பார்ப்பவரை எல்லாரும் ஊசி என்று கூப்பிடுவார்கள். குழிக்குள் இறங்குவது, சந்துக்குள் நுழைவது எல்லாம் அவர் பங்கு. நின்றபடி மின் பலகையைத் திறந்து வயர் பார்ப்பது என் பங்கு. இருவரும் சேர்ந்து நடந்து வந்தால், யாரோ பத்து என்று எண்ணில் எழுதி நடக்கவிட்டது போலிருக்கும்.

என் மனைவியும் ஒல்லி இல்லை. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி துணி தேய்க்கிறவள். உடம்பைத் தாங்கித் தாங்கி அவள் முழங்கால்கள் சலித்துப்போயிருந்தன. வீட்டுக்கு வந்ததும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்து, முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் நான் சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு, ஓட்டிப் பார்க்க ஏறினேன். வழக்கம்போல் கத்தியது. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள், ஒரு டாக்டரம்மாவைத் தவிர. வீடு கட்ட இடம் தேடி அலைகிறவர் காலி மனையைப் பார்ப்பது போல அவர் என் வயிற்றையே ஆசையாகப் பார்த்தார்.

"தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா? கொழுப்பைக் குறைக்கிற புது சிகிச்சை ஒண்ணு சோதனை பண்றோம். அதுக்கு ஆள் தேடிட்டிருக்கோம்" என்றார்.

"என்னைவிடத் தோதான ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க டாக்டர்" என்றேன். என் தொப்பைக்கு ஒரு தகுதி வந்தது அதுவே முதல் தடவை.

மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா உள்ளங்கை அகலத்தில் ஓர் ஒட்டுப் பட்டையைக் காட்டினார். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். ஊசிகளுக்குள் நானோ துகள்கள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அவை நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கலாமாம்.

"அதுங்க உள்ளே போய் என்ன பண்ணும்? வெட்டி எடுக்குமா?" என்று கேட்டேன். பொடிப் பொடி மெக்கானிக்குகள் தோளில் ஸ்பேனர் பையோடு என் தொப்பைக்குள் இறங்குவதாக எனக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படியெல்லாம் இல்லை. மருந்தைச் சுமந்துட்டுப் போற சின்னப் பொட்டலம்னு வச்சுக்குங்க. கொழுப்புக்குள்ளே போய்க் கரையும். சேத்து வைக்கிற கொழுப்பை, எரிச்சுச் செலவழிக்கிற கொழுப்பா மாத்தும்."

ஸ்பேனர் இல்லை என்றதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வயிற்றில் இரண்டு பட்டை ஒட்டுவார்கள். ஒரு பக்கத்தில் மருந்து இருக்கும், மறுபக்கம் வெறும் பட்டை. எந்தப் பக்கம் எது என்று எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. ஒரே உடம்பில் இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் மருந்து செய்கிற வேலை தெளிவாகத் தெரியுமாம். "எப்பவும் சாப்பிடற அளவே சாப்பிடுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார்.

அதுவரை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்த என் மனைவி, "எனக்கும் போட முடியுமா டாக்டர்? முட்டி ரொம்ப வலிக்குது" என்றாள்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களை இப்போதைக்குச் சேர்ப்பதில்லை என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொன்னார்.

"பரவாயில்லை. இவருக்காவது நல்லது நடக்கட்டும்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து என் தொப்பை அவள் பொறுப்பு. பட்டை மாற்றுகிற நாளை நான் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். ஓரம் பிரியாமல் அழுத்தி ஒட்டி, சட்டையை இறக்கிவிட்டு, "ம், போங்க" என்பாள். எனக்கு முதல் நாளே வலப்பக்கம் குறுகுறுவென்றது. மருந்து அந்தப் பக்கம்தான் என்று ஊசியிடம் அடித்துச் சொல்லிவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், "ஏங்க, ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"அப்போ சட்டை ஏன் ஒரு பக்கம் மட்டும் தொங்குது?"

கண்ணாடி முன் போய் நின்றேன். இடப்பக்கம் வற்றியிருந்தது. நான் அடித்துச் சொன்ன வலப்பக்கமோ முன்னைவிடச் செழிப்பாக இருந்தது. பெல்ட் எந்த ஓட்டையில் மாட்டினாலும் ஒரு பக்கம் மூச்சு முட்டியது, மறுபக்கம் காற்று வாங்கியது.

லிஃப்டில் பெட்டி ஒரு பக்கம் தொங்கும். அதற்கு ஈடாக எதிர் எடை என்று ஓர் இரும்புக் கட்டு மறுபக்கம் தொங்கும். ஊசி என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க எதிர் எடையை யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார். கம்பெனியில் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தபோது, போட்டோக்காரர் என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் நேரா நில்லுங்க" என்றார். "நேராத்தான் நிக்கிறேன். வயிறுதான் கோணல்" என்றேன். விளம்பரங்களில் இளைப்பதற்கு முன், இளைத்த பின் என்று இரண்டு படம் போடுவார்களே, எனக்கு அந்த ஒரே படம் போதும்.

வலப்பக்கம் ஏன் செழித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பட்டறைக்கு எதிரே ஒரு பேக்கரி. உள்ளே இத்தனை கோடித் துகள்கள் வேலைக்கு இறங்கியிருக்கும்போது அவற்றைச் சும்மா உட்கார்த்தி வைப்பது நியாயமா என்று எனக்குத் தோன்றியது. அவற்றுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு, சாயங்காலம் ஒரு கிரீம் பன் சாப்பிட்டேன். பிறகு ஒன்று இரண்டாயிற்று. அப்புறம் காலையிலும் கடை திறந்துதானே இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

அடுத்த முறை டாக்டரம்மா நாடாவைப் பிடித்து அளந்தார். மறுபடி அளந்தார்.

"இடது நல்லாக் குறைஞ்சிருக்கு. ஆனா வலது ஏறியிருக்கே. சாப்பாடு எப்பவும் போலத்தானா?"

நான் அவசரமாகச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"நான் அதே அளவுதான் போடறேன் டாக்டர். ஒரு கரண்டி கூட மாறலை" என்றாள் மனைவி உறுதியாக. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பன்னைப் பற்றி மென்று முழுங்கிச் சொன்னேன். டாக்டரம்மா நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தார். சொன்னதை மீறினால் சோதனையில் வைத்திருக்க முடியாது என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

உடம்புக்குள் போனது நானோ. ஆனால் காரியத்தைக் கெடுத்தது நானேதான்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்குப் போட்டிருந்தா நான் ஒரு வாய் கூடுதலா சாப்பிட்டிருக்க மாட்டேன்" என்றாள். திட்டியிருந்தால் அசடு வழிந்து சமாளித்திருப்பேன். அவள் கை முழங்கால் மேல் இருந்தது. என் வாழ்நாளில் அன்றுதான் எனக்குப் பசி எடுக்கவில்லை.

மறுவாரம் நான் மட்டும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். "எனக்குக் கேக்க வரலை. அவளுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்றேன். அடுத்த கட்டச் சோதனையில், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறவர்களைச் சேர்க்கப் போவதாகவும், அதில் இரண்டு பக்கமும் மருந்துதான் என்றும் சொன்னார்.

அதன்பின் சமையல் என் கைக்கு வந்தது. உப்பைக் குறைத்தேன். நானே சாப்பிட முடியாத அளவுக்குக் குறைத்தேன் என்பதால் நானும் கொஞ்சம் இளைத்தேன். மாத்திரை நேரத்துக்குத் தண்ணீர் டம்ளரோடு போய் நிற்பேன். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த நல்ல பிள்ளை வேஷம்?" என்பாள். ஆனால் மாத்திரையை வாங்கிக்கொள்வாள்.

அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பட்டை ஒட்டுகிற வேலை எனக்கு. தடித்த விரல்களால் கோணலாக ஒட்டுவேன். "லிஃப்ட் கதவா இது? மெதுவா அழுத்துங்க" என்பாள். அவளுக்கு இடுப்பு இரண்டு பக்கமும் சமமாகக் குறைந்தது. மந்திரம்போல் ஒன்றும் நடந்துவிடவில்லை. எடை கொஞ்சம்தான் இறங்கியது; முழங்கால் வலியும் முழுக்கப் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது நாற்காலியைத் தேடுவதை விட்டுவிட்டாள்.

எனக்கு வலப்பக்கம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். விதியை மீறியவர்களுக்குக் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார் டாக்டரம்மா.

போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. அவளுக்குப் படி இறங்கக் கஷ்டமாக இருக்குமே என்று நான் முதலில் இறங்கி, தோளைக் கொடுத்து நின்றேன். தோளில் கை எதுவும் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் பின்வழியாக இறங்கி, பாதி தூரம் போயிருந்தாள்.

"யாருக்குத் தோள் கொடுத்துட்டு நிக்கிறீங்க? வாங்க, நேரமாச்சு" என்றாள்.