நிலத்துக்குக் கடன் தர வந்தவர்கள்

நிலத்தின் பேரில் கடன் வாங்கித் தரும் புரோக்கர் தொழிலில், கடன் கிடைத்தால் முதலாளி நல்லவர், கிடைக்காவிட்டால் புரோக்கர் சரியில்லை. தரகு பார்த்து வசவு வாங்கிய அன்பர்களே, கம்பம் பக்கத்தில் நான் பட்டதைக் கேளுங்கள்.

லாட்ஜ் முதலாளி

செல்போன் வந்த புதிது. தேனி லாட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த கோட்டுக்காரர், நிலத்தைப் பார்க்கவே வேண்டாம், பத்திர நகல் போதும் என்றார். வட்டி பேங்கைவிடக் குறைவு. கட்டணம் மட்டும் பத்தாயிரம், முதலிலேயே கட்ட வேண்டும். வாழைத்தோப்பில் போர் போட அலைந்துகொண்டிருந்த சின்னமனூர் செல்வியை அழைத்துப் போனேன். சங்கிலியை அடகு வைத்த பணம் முந்தானை முடிச்சில் இருந்தது. அவிழ்க்கப் போனவர் நிறுத்திவிட்டார். "லட்சக்கணக்குல தர்ற ஆளுக்கு எம் பத்தாயிரம் எதுக்குண்ணே? கடன்லயே கழிச்சுக்கச் சொல்லுங்க."

கோட்டுக்காரர் இங்கிலீஷில் ஏதோ ரூல்ஸ் பேசினார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். மறுநாள் லாட்ஜ் மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டார்: "ஏண்ணே, கடன் குடுக்க வந்தவரு ரூம் வாடகைக்கே கடன் சொல்லிட்டு ஓடிட்டாரே!"

ராவுத்தரின் விசாரணை

அடுத்து செல்விக்காக உத்தமபாளையம் ராவுத்தர் ஒருவரிடம் போனேன். அவர் லேசில் மசியவில்லை. தோப்பில் வரப்பு வரப்பாக நடந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பாதைத் தகராறு உண்டா என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டார். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் தன் வக்கீலிடம் காட்டினார். வட்டி பேங்கைவிடக் கூடத்தான். ஆனால் முன்பணம் என்ற பேச்சே இல்லை.

அடமானம் பதிவாகி, பணம் முழுசாகக் கைக்கு வந்த பிறகுதான் செல்வி சிரித்தார்: "என்னையப் பொண்ணு பாக்க வந்தாகளே, அவுககூட இம்புட்டு விசாரிக்கலண்ணே!"

சும்மா ஒரு சம்பிரதாயம்

கூடலூர் முருகேசன் குமுளிக்கு ஜீப் ஓட்டுபவர். சொந்தமாக ஒரு ஜீப் வாங்க, இருந்த ஒரே வீட்டை அடமானம் வைக்க வந்தார். கடன் தருபவர் வெள்ளைக் காரில் வந்து இறங்கி, பத்திரத்தையும் அவரே தயாராகக் கொண்டுவந்தார். கையெழுத்துக்கு முன் வாங்கிப் படித்தேன். அடமானம் என்றிருக்க வேண்டிய இடத்தில் கிரையம் என்றிருந்தது. வீட்டையே விற்கும் பத்திரம்! முருகேசன் காதில் விழும்படி அந்த வரியை உரக்கப் படித்தேன்.

"அது சும்மா சம்பிரதாயம் தம்பி. கடனை அடைச்சதும் வீட்டத் திருப்பி எழுதித் தாரேன்" என்றார் அவர்.

முருகேசன் பேனாவை மூடி வைத்துவிட்டு வாசலில் நின்ற காரைக் காட்டினார்: "அப்ப உங்க காரை எம் பேருக்கு மாத்திக் குடுங்க முதலாளி. வீடு திரும்பி வந்ததும் காரைத் திருப்பித் தாரேன். சும்மா சம்பிரதாயந்தானே!"

கேள்வி கேட்டே உயிரை எடுப்பவர் நமக்குப் பணம் தருவார், இனிக்க இனிக்கப் பேசுபவருக்கு நாம்தான் தர வேண்டியிருக்கும் என்பதே இத்தனை வசவுக்கும் நான் கண்ட லாபம்.