சிவப்புக் கம்பளத்தில் குதிரை லத்தி

காலையில் எழுந்ததும் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள். நான் குதிரை போட்ட லத்தியைப் பார்ப்பேன். உருண்டையாக, ஈரமாக இருக்க வேண்டும். கீழே விழுந்ததும் உடைய வேண்டும். அப்படி இருந்தால் அன்றைக்குக் குதிரைக்கு ஒன்றுமில்லை. கல் மாதிரி கிடந்தால் தண்ணீர் போதவில்லை. குழைந்து கிடந்தால் தீனி ஒத்துக்கொள்ளவில்லை. எதுவுமே கிடக்கவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும்.

ஈப்போவில் பந்தயக் குதிரைகளின் கொட்டடியைக் கூட்டிப் பெருக்கிய காலத்தில் பார்த்துப் பழகியது இது. நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. குதிரைக்குப் பேச்சு வேண்டியதில்லை. அது எனக்குத் தோதாக இருந்தது.

வீட்டுக்காரர் இறந்த பிறகு புந்தோங்கில் தனியாக இருக்க முடியாமல் கொழுந்தனார் வீட்டுக்கு வந்தேன். தஞ்சோங் ரம்புத்தான் போகிற வழியில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. முன்பு ரப்பர் பால்மரத் தோட்டம், இப்போது சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை. கல்யாணத்துக்குப் பந்தல், விளக்கு, மாப்பிள்ளை ஊர்வலம் எல்லாம் ஏற்பாடு செய்கிற தொழில் அவருக்கு. மாப்பிள்ளை குதிரையில் வந்து மண்டபத்தில் இறங்குவது இப்போது நாகரிகமாகிவிட்டதல்லவா, அதற்காகப் பந்தயத்தில் ஓடி முடித்த ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கினார். தோட்டக் காலத்தில் ரப்பர் பாலை எடை போட்ட கொட்டகையில் அதைக் கட்டினார். பார்த்துக்கொள்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்.

முதலில் காய்ந்த புல். அதை மென்ற பிறகுதான் தவிடும் ஓட்ஸும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வாளியில் எப்போதும் தண்ணீர். நக்குவதற்கு ஓர் உப்புக்கட்டி. குளம்பில் மாட்டிய கல்லை நோண்டி எடுத்துவிடுவேன். குதிரைக்கு வயிறு சின்னது. நாள் முழுக்க அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாடு மாதிரி அசை போடாது, வாந்தியும் எடுக்காது. உள்ளே போனது பின்னால்தான் வந்தாக வேண்டும்.

அந்தப் பின்னால் வருவதுதான் கொழுந்தனாருக்குத் தலைவலி. மண்டப வாசலில் சிவப்புக் கம்பளம், இரண்டு பக்கமும் கேமரா. அங்கே குதிரை வாலைத் தூக்கிவிட்டால்? அதனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே புல்லை எடுத்துவிடச் சொன்னார். தண்ணீரையும்.

“தம்பி, குதிரைக்கு ஆகாது,” என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“ஆ? என்னா? கேக்கலயே!” என்று காதைப் பிடித்துக் காட்டினார். “தைப்பூசத்துக்கு நாம வெரதம் இருக்கோம்ல, அண்ணி? செத்தா போயிட்டோம்?”

அவர் மனைவி சிரித்தாள். “அக்கா குதிரை டாக்டருக்குப் படிச்சிருக்காங்கலா. உங்களுக்குத் தெரியாதா?”

மறுநாள் மண்டப வாசலில் குதிரை பசி தாங்காமல் மாப்பிள்ளை கழுத்து மாலையைக் கடித்தது. கூட்டம் கைதட்டியது. “மச்சான், உன்னவிட அதுக்குப் பசி!” என்று தோழன் ஒருவன் கத்தினான். கொழுந்தனாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடிவாளத்தைச் சுண்டி இழுத்தார். குதிரையின் வாயோரம் ரத்தம் வந்தது. பார்த்தவர்கள் ரோஜா இதழ் என்று நினைத்திருப்பார்கள்.

கம்பளம் சுத்தமாக இருந்ததில் அவருக்குச் சந்தோஷம். கொட்டகைக்கு வந்ததும் ஒரு வாளி ஓட்ஸை மொத்தமாகக் கொட்டினார். “மொதல்ல புல்லு…” என்று ஆரம்பித்தேன்.

“போடாதேன்னாலும் குத்தம், போட்டாலும் குத்தமா அண்ணி?”

குதிரை மெல்லாமல் விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் காலால் தரையைப் பிறாண்டத் தொடங்கியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. பிறகு விழுந்து புரண்டது. அதன் விலாவில் காதை வைத்தேன். வழக்கமாக உள்ளே சாக்கடைத் தண்ணீர் ஓடுகிற மாதிரி கடகடவென்று கேட்கும். அன்று சுவரில் காது வைத்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் இன்னொரு கல்யாணம் இருந்ததால் டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஊசி போட்டு, புல்லை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்று மலாயில் சொன்னார். “பாய்க், டாக்டர், பாய்க்,” என்று கொழுந்தனார் தலையாட்டினார். கார் திரும்பியதும், “அவருக்கென்ன, கம்பளம் அவரோடதா?” என்றார்.

பொழுது சாயும்போது ஒரு சின்ன உருண்டை விழுந்தது. அதைக் கையில் எடுத்துப் பிட்டுப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த கல்யாணத்துக்கும் புல்லை எடுக்கச் சொன்னார். “இந்தத் தடவ ஓட்ஸ கொறச்சுப் போட்டுக்கலாம்லா,” என்றார். அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். இன்னொரு தடவை அப்படி விழுந்தால் குதிரை எழாது என்று எனக்குத் தெரியும். செம்பனைக்கு அடியில் புல் அறுத்து வந்து, யாரும் பார்க்காதபோதெல்லாம் போட்டேன். தண்ணீரும் வைத்தேன். கம்பளத்தில் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. குதிரை வாலைத் தூக்கியது.

“மாப்ள, சீர்வரிசை வந்துடுச்சு!” என்றது ஒரு குரல். எல்லாக் கைப்பேசியும் அந்தப் பக்கம் திரும்பியது. கொழுந்தனார் குனிந்து, பட்டுச் சட்டையோடு, கையாலேயே அள்ளினார். அப்புறம் குதிரைக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “நீங்க ஜெயிச்சிட்டீங்க, அண்ணி. இனிமே அதுக்கு வெரதம் இல்ல. வேண்டிய மட்டும் போடுங்க,” என்றார். புல் கட்டுக் கட்டாக வந்தது. தவிடும் ஓட்ஸும் வந்தது. நான் நம்பினேன். முறை தவறாமல் போட்டேன். விலா எலும்பு மறைந்தது. தோல் மினுமினுத்தது.

“அக்கா கை பட்டா தனிதான்லா,” என்று அவர் மனைவி வாசலிலிருந்து சிரித்தாள்.

ஒருநாள் லாரி வந்தது. குதிரை ஏற மறுத்தது. இரண்டு பேர் தள்ளினார்கள், ஒருவன் கம்பால் அடித்தான். “அண்ணி போனாத்தான் ஏறும்,” என்றார் கொழுந்தனார். வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கைப்பிடிப் புல்லோடு பலகையில் ஏறினேன். குதிரை என் பின்னாலேயே வந்தது.

இறங்கி வந்து லாரிக்காரரிடம் கேட்டேன். தெரியாத ஆளிடம் நானாகப் பேசியது அன்றைக்குத்தான். “எங்கங்க கொண்டுபோறீங்க?”

“மொதலைப் பண்ணைக்குமா, தீனிக்கு. ஒங்களுக்குச் சொல்லலயா?” கதவைச் சாத்திக்கொண்டே குதிரையை ஒருமுறை பார்த்தார். “நல்லா போட்டு வளத்திருக்கீங்க. எடை நிக்கும்லா.”

கொழுந்தனார் வேறு பக்கம் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே லத்தி விழுகிற சத்தம் கேட்டது. லாரிக்காரர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தேன். உருண்டையாக, ஈரமாக, விழுந்ததும் உடைந்து கிடந்தது. குதிரைக்கு ஒன்றுமில்லை.