வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?

சியாமளாவின் விண்ணப்பம் பூர்த்தியில்லை என்று அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரு கட்டம் வெறுமையாம்.

எழுபதுகளில் மெல்பேர்ன் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்தேன். மேற்படிப்பு விண்ணப்பங்களும் என் தலையில் கட்டப்பட்டிருந்தன. ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்புகிறவனுக்கு நன்றி கிடையாது, பழி உண்டு. படிவம் நிரப்பி நொந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சியாமளா என் மாணவி அல்ல. இங்கிலாந்தில் ஏ லெவல் முடித்தவள். தகப்பன் டொக்டர் குணரத்தினத்துக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு வந்துவிட்டாள். வானியல் படிக்க வேண்டும், அதுவும் அமெரிக்காவில், அதுவும் நூறு பேரில் நாலைந்து பேரைப் பொறுக்கி எடுக்கிற இடத்தில். கிடைக்காவிட்டால் சுருக்கெழுத்து வகுப்பு என்று தகப்பன் முடிவு கட்டியிருந்தார்.

அவளுக்கு இடம் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கணக்கில் அவள் கெட்டி. படிவம்தான் கழுத்தறுத்தது.

உன்னைப் பற்றிச் சொல்

அமெரிக்கனுக்கு ஒரு கட்டுரை வேண்டும். நீ யார், உன்னிடம் என்ன விசேஷம் என்று இரண்டு பக்கம். சியாமளா நாலு வரி எழுதிக்கொண்டு வந்தாள். நாலாவது வரியில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். இங்கிலாந்துப் பள்ளிக்கூடம் அப்படித்தான் பழக்கிவிடுகிறது.

தகப்பன் தானே ஒன்று எழுதித் தந்தார். ஒன்றரைப் பக்கம் அவருடைய தகப்பனார் தபாலதிபராக இருந்த பெருமை. இரண்டையும் கிழித்தேன். பதின்மூன்று வயதில் தானே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தவள் என்று அன்றைக்கு அவளிடம் கிண்டிக் கேட்டபோதுதான் தெரியவந்தது. ஏன் எழுதவில்லை என்று அதட்டினேன்.

"ஒருத்தரும் கேக்கேல்லையே, அங்கிள்."

தொந்தரவு தராதவள்

அடுத்தது நற்சான்று. அவளுடைய பழைய தலைமை ஆசிரியை இங்கிலாந்திலிருந்து அனுப்பியது ஒரே வரி. 'இந்தப் பெண்ணால் எங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை.' அந்த அம்மா வாயிலிருந்து அது பெரிய புகழ்ச்சியாக இருக்கலாம். ஒவ்வொரு பிள்ளையையும் மேதை என்று வாசித்துப் பழகிய அமெரிக்கன் இதைப் பார்த்தால் மூலையில் போடுவான்.

பெரிதாக எழுதச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன சேட்டிபிக்கேற் வேணும், மாஸ்டர்?"

அந்தக் கட்டம்

எப்படியோ அனுப்பினோம். அந்தக் கடிதத்தில் திருப்பிக் கேட்டார்கள். வகுப்பில் எத்தனையாவது இடம்? அது இல்லாமல் பரிசீலிக்க மாட்டார்களாம். பதிலுக்கு ஆறு கிழமைத் தவணை தந்திருந்தார்கள். அந்த இங்கிலாந்துப் பள்ளிக்கூடம் ரிப்போர்ட்டில் மார்க் போடும், இடம் போடாது.

இங்கிலாந்துக்கு ட்ரங்க் கோல் போட்டேன். தலைமை ஆசிரியை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மார்க் ரெஜிஸ்டர் அவரிடம் இருந்தது. ஆனால் அதிலிருந்து இடம் கணக்குப் பண்ண அவருக்கு மனமில்லை.

"எங்கள் பிள்ளைகளை நாங்கள் பந்தயக் குதிரைகள் போல் ஓடவிட்டு எண்ணுவதில்லை, ஐயா."

நீலக் கொப்பி

விஷயத்தைச் சொல்ல வீட்டுக்குப் போனேன். டொக்டர் சுருக்கெழுத்து வகுப்பின் நேரசூசியை மேசையில் விரித்து வைத்திருந்தார். சியாமளா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்து கேட்டா, "எத்தனையாம் பிள்ளை எண்டு தானே கேக்கிறாங்கள்?" உள்ளே போய் ஒரு நீலக் கொப்பியை எடுத்து வந்து என் கதிரைக்கு முன்னால் வைத்தா.

மூன்று வருடம். ஒவ்வொரு தவணைப் பரீட்சையும் ஒவ்வொரு பாடமும், வகுப்பில் இருந்த இருபத்தாறு பிள்ளைகளின் மார்க்கும். இங்கிலாந்தில் பள்ளிக்கூட பஸ் நிற்குமிடத்தில் வெள்ளைக்காரத் தாய்மாரைப் பிடித்து வைத்து ஒவ்வொருவராக விசாரித்துக் குறித்தது. கூட்டி, இடமும் போட்டிருந்தா. சியாமளா இரண்டாம் பிள்ளை.

தகப்பன் கொப்பியை இழுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தாய்க்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"உந்த மார்கரெட் இல்லாட்டி முதலாம் பிள்ளை, மாஸ்டர்."

பதில்

கொப்பியைப் பிரதி எடுத்துத் தலைமை ஆசிரியைக்கு அனுப்பினேன். எண்ண வேண்டாம், எண்ணியது சரியா என்று மட்டும் பாருங்கள் என்று எழுதினேன். ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து நேராக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு ஒரு ஏரோகிராம் வந்தது.

"இரண்டு மார்க்குகள் தவிர எல்லாம் சரி, இது எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கப் போவதில்லை."

சியாமளாவுக்கு இடம் கிடைத்தது, நேரசூசி குப்பைக்குப் போனது. இத்தனை வருடம் படிவம் நிரப்பிய நான் தோற்ற ஒரே கட்டத்தை நிரப்பியவ, ஊரார் பிள்ளைகளின் மார்க்கைத் துருவித் துருவிக் கேட்ட திருமதி பரமேஸ்வரி குணரத்தினம்.