எஞ்சினுக்குத் திருநீறு

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஓர் ஆனி மாதம். நயினாதீவு அம்மன் தேர் பார்த்துவிட்டு, எதிர்க்கரையிலுள்ள குறிகட்டுவானுக்குத் திரும்ப மோட்டார் வள்ளம் ஏறினோம். மனைவியின் மடியில் எங்கள் கைக்குழந்தை. வள்ளம் நிறையச் சனம்.

அப்போது என் உத்தியோகம், ஆய்வுகூடத்தில் உலோகக் கலவைத் துண்டுகளை விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிரவைத்து, அவை எப்போது உடைகின்றன என்று பார்ப்பது. இதற்குச் சம்பளமும் தந்தார்கள். பெரும் பாரம் தாங்கும் உலோகமும் ஓயாத அதிர்வில் களைத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

வள்ளத்தின் கயிற்றை அவிழ்க்கமுன்னரே ஓட்டி எஞ்சினை முடுக்கியதும் அதைத் தாங்கி நின்ற அலுமினியக் கலவைத் தாங்கி நுளம்புபோல் ரீங்கரித்தது. தொட்டேன், விரல் விறைத்தது. அது கடலில் உடைந்தால் எஞ்சின் சாயும், வள்ளத்தைத் தள்ளும் சுழலியின் தண்டு விலகும், தண்டு போகும் துவாரத்தால் தண்ணீர் உள்ளே வரும்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! தாங்கியிலை கீறல் இருக்குப்போலை."

"போன கிழமைதான் புதுசாப் போட்டனான் ஐயா. இரும்பை விடத் திறமாம்."

"ஐயாவுக்குப் பயமெண்டா இறங்கி நீந்தி வரட்டும்!" என்றது பின்னால் ஒரு குரல்.

நான் விடவில்லை. ஓட்டி முணுமுணுத்தபடி எஞ்சினை நிறுத்தினார். முறைப்படி கீறல் தேடும் சோதனைக்கென்று சாயமும் பூச்சும் உண்டு. அங்கே கிடைத்தவை மண்ணெண்ணெயும், மனைவி நீட்டிய கோவில் திருநீற்றுப் பொட்டலமும். எண்ணெயைப் பூசி ஊறவிட்டேன். ஒட்டத் துடைத்தேன். மேலே திருநீற்றைத் தூவினேன். கீறல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து திருநீற்றை நனைக்கும்.

"எஞ்சினுக்குத் திருநீறு சாத்தியாச்சு, இனிக் கற்பூரத்தையும் கொளுத்துங்கோ!" என்று ஓர் அக்கா சொல்ல, வள்ளமே சிரித்தது.

சிரிப்பு அடங்கவில்லை, வெள்ளைத் திருநீற்றில் மயிர்போல ஒரு கறுத்த கோடு எழுந்தது! தாங்கியின் குறுக்கே வளர்ந்துகொண்டே போனது. கூவிவிட்டேன்.

"இது சும்மா ஊத்தை" என்று ஓட்டி ஸ்பனரால் ஓங்கித் தட்டினார். தாங்கி இரண்டாகப் பிளந்தது. எஞ்சின் ஒரு பக்கம் சரிந்தது.

"ஐயோ, அம்மாளாச்சி! இறங்குங்கோ, எல்லாரும் கெதியா இறங்குங்கோ!" என்று இப்போது ஓட்டியே கத்தினார்.

வேறு வள்ளத்தில் கரை சேர்ந்தோம். வழி முழுவதும் எல்லோரும் திருநீற்றைத்தான் புகழ்ந்தார்கள். மண்ணெண்ணெயை ஒருவரும் கும்பிடவில்லை. எனக்கு அதில் மனக்குறை இல்லை. எந்த உலோகமும் ஒருநாள் உடையத்தான் செய்யும். கடலில் உடையவேண்டியதைக் கரையிலேயே உடையவைக்கத்தான் இவ்வளவும் படித்தேன் என்று அன்று நெஞ்சு துள்ளிய துள்ளல் இன்னும் அடங்கவில்லை.