அண்ணரின் கால் ஏன் அசைந்தது

முதலில், அண்ணரின் நினைவு மலருக்காக இதை அச்சுக் கோக்கப் போகிறவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையெழுத்து ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு போகும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் ஆதலால் எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். அவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் அண்ணரின் இளமைக் காலத்தைச் சுருக்குங்கள். கால்களைப் பற்றியும் நரம்புகளைப் பற்றியும் எழுதியிருப்பதில் ஒரு வரியும் எடுக்க வேண்டாம். அதைச் சொல்வதற்காகவே எழுத உட்கார்ந்தேன்.

அண்ணர் திருகோணமலை நகரக் கரையில், எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருவன்தான். அப்பா கரைவலை இழுத்தார். இறங்குதுறையில் யாருடைய நங்கூரமோ வாளியோ தண்ணீரில் விழுந்தால் அண்ணரைத்தான் தேடி வருவார்கள். ஒருமுறை குடித்துவிட்டு ஒருவர் சைக்கிளோடு கடலுக்குள் இறங்கிவிட்டார். ஆளைக் கரையேற்றிய பின், அண்ணர் திரும்பவும் மூழ்கிச் சைக்கிளையும் கொண்டுவந்து, மணியை அடித்துப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு, ஆளைத்தான் திருத்த வேணும்" என்று சொன்னாராம். இப்படிப்பட்ட மனிதரைத்தான் உங்களில் இளையவர்கள் படுக்கையில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் அவர் கூலி வேலை செய்தார். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் அவர்கள் கப்பல்களோடு போய்விட்டார்கள், வேலையும் போனது. அண்ணர் அதற்குள் கலியாணம் முடித்துவிட்டார். மகளும் பிறந்துவிட்டாள். யுத்த காலத்தில் மூழ்கிய கப்பல்களின் இரும்பை எடுத்து விற்க வெளியூரிலிருந்து ஒரு முதலாளி வந்தார். அவருக்குச் சுழியோடிகள் தேவைப்பட்டார்கள். அண்ணர் போனார். செம்புத் தொப்பி போட்டு, மேலேயிருந்து குழாயால் வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, கடலின் அடியில் நின்று வேலை செய்ய வேண்டும். கிண்ணியாவைச் சேர்ந்த உசேன் நானா வள்ளத்தில் இருந்து காற்றுப் பம்பை அடித்தார். நான் அண்ணரின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்தேன். அவர் கீழேயிருந்து இழுப்பார். அந்த இழுப்பில் அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயால் கதைப்பது எனக்கு எப்போதும் கடினம். கயிற்றால் கதைப்பது சுகமாக இருந்தது. "உன்ர தம்பிய நாலு பேருக்கு முன்னால கதைக்கச் சொன்னா உனக்கு முந்திக் கடலுக்க பாஞ்சிருவாரு" என்று நானா பகிடி பண்ணுவார்.

ஆழத்திலிருந்து மேலே வரும்போது இடையிடையே நின்று, ஆறுதலாக வரவேண்டும் என்பது எங்கள் எவருக்கும் தெரியாது. சொல்லித் தருவதற்கும் ஆள் இல்லை. குளிரில் நின்ற மனிதரை விரைவாக வெயிலுக்குக் கொண்டுவருவதுதான் அவருக்குச் செய்யும் உதவி என்று நினைத்திருந்தோம். அன்றும் அண்ணர் அப்படித்தான் வந்தார். தொப்பியைக் கழற்றினோம். தேத்தண்ணி குடித்தார். தோள்மூட்டு நோகிறது என்றார். பிறகு, "தம்பி, என்ர காலை ஆரும் தொடுறியளோ?" என்று கேட்டார். நானா அவருடைய முழங்காலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அண்ணர் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் சில கிழமைகள் அவருடைய கால்கள் ஈரத்துணி போலக் கிடந்தன. பிறகு ஒரு நாள் அம்மா பாதத்தைத் துடைக்கும்போது வலது கால் சட்டென்று உதைத்தது. அம்மா அழுதுகொண்டு அம்மன் கோயிலுக்கு ஓடினார். அண்ணரும் அன்று சிரித்தார். மறுநாள் டாக்டர் வந்தபோது, அவர் மகிழ்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர், வயது குறைந்தவர், பொறுமைசாலி. அம்மா வெளியே போகும்வரை காத்திருந்து, கட்டிலில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன்.

மனிதனின் நரம்புத் தொகுதி தலையிலுள்ள மூளையில் தொடங்குகிறது. நினைப்பது, கதைப்பது, பார்ப்பது, ஆசைப்படுவது எல்லாம் அங்கே. மூளையின் அடியிலிருந்து முண்ணாண் என்ற ஒரு வடம் இறங்குகிறது. சின்னவிரல் பருமன்தான் இருக்கும். அதைக் காப்பதற்காகவே முள்ளந்தண்டு எலும்புகள் வளையம் வளையமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த எலும்புகளின் இடைவெளிகளால் நரம்புகள் கிளைவிட்டு, கை, கால், தோல், குடல், மூத்திரப்பை என்று எல்லா இடத்துக்கும் போகின்றன. சில நரம்புகள் சேதியை மேலே கொண்டுபோகும்: இது சூடு, இது முள், இது பிள்ளையின் கை என்று. சில நரம்புகள் கட்டளையைக் கீழே கொண்டுவரும்: எழும்பு, நட, பிடி என்று. இரண்டும் முண்ணாண் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

"நீங்கள் கயிறு பிடிக்கிறனீங்கள் எல்லோ?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். "கயிறு நடுவில அறுந்தால் என்ன நடக்கும்? கீழ நிக்கிற ஆள் இருக்கிறார். மேல நிக்கிற நீங்களும் இருக்கிறியள். ஆனால் ஒருத்தர் சொல்லுறது மற்றவருக்கு வராது."

ஆழத்தில் சுவாசித்த காற்று இரத்தத்தில் கரைந்திருக்குமாம். சடுதியாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போல அது குமிழி குமிழியாகக் கிளம்புமாம். அந்தக் குமிழிகள் அண்ணரின் முண்ணாணை நடு முதுகில் கெடுத்துவிட்டன. அதற்கு மேலே இருந்தவை நன்றாக இருந்தன. மூச்சுக்கும் இதயத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாம் கட்டளையிடாமலே அவற்றை ஓட்டுகிற இடம் மூளையின் அடியில் இருக்கிறது. அவருடைய நினைவும் புத்தியும் கடைசி நாள்வரை தெளிவாகவே இருந்தன. அவை கொஞ்சம் மங்கியிருந்தால் அவருக்கு நல்லது என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அப்படியானால் கால் ஏன் உதைத்தது? இதைத்தான் நீங்கள் எல்லாரும் கவனமாக வாசிக்க வேண்டும்.

சூடான சட்டியில் கை பட்டால், சுடுகிறது என்று நாம் அறியுமுன்பே கை விலகிவிடுகிறது. அந்தக் கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை. சேதி முண்ணாணுக்குப் போனவுடன், முண்ணாணே பதில் கொடுத்துவிடுகிறது. மூளைக்குப் பிறகுதான் தெரியவரும். இதைத் தெறிவினை என்பார்கள். எங்களுக்கு மூளை மேலேயிருந்து இதை அளவு மீறாமல் அடக்கி வைத்திருக்கிறது. அண்ணருக்கு அடக்க ஆள் இல்லை. காயத்துக்குக் கீழே இருந்த முண்ணாண் உயிரோடுதான் இருந்தது. ஆகவே துணி பட்டாலும், ஈ இருந்தாலும், குளிர்காற்று வீசினாலும் அது தன்பாட்டில் காலை உதைத்தது. அண்ணர் அதைச் செய்யவில்லை. கண்ணை மூடினால் அது நடந்ததே அவருக்குத் தெரியாது.

"அப்ப இது சுகமாகிற குறி இல்லையோ?" என்று அண்ணர் கேட்டார்.

"இல்லை அண்ணை," என்றார் டாக்டர். "உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலாது."

அண்ணர் தன் காலைப் பார்த்தார். பிறகு, "அப்ப இவர் இனி என்ர ஆள் இல்லை. வாடகைக்கு இருக்கிறார்" என்றார். டாக்டர் போனதும் என் கையைப் பிடித்து, "அம்மாவுக்கு இதைச் சொல்லாதை" என்றார். "அவ இதைப் பார்த்துத்தான் சாப்பிடுறா."

அது உண்மை. பாலையூற்றில் சிறு வீடு எடுத்து அண்ணரைக் கொண்டுவந்த பின், அம்மா ஒவ்வொரு காலையும் அவருடைய உள்ளங்காலை விரலால் தொடுவார். கால் உதைக்கும். "இண்டைக்கு நேற்றையிலும் பலமா உதைக்குது" என்று அப்பாவிடம் சொல்லுவார். அண்ணர், "ஓமம்மா" என்பார். அவர் நடக்கும் நாளில் கோயிலுக்குத் தன் கையால் பொங்கிப் படைப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். அண்ணியிடம் சொன்னால் அது அம்மாவின் காதுக்குப் போய்விடும் என்று அண்ணர் பயந்தார். சிறிய வீடு, இரண்டு பெண்களும் ஒரே குசினியில் நின்றார்கள். ஆகவே அண்ணிக்கும் சொல்லப்படவில்லை.

அடுத்த வருடம் அப்பா காலமானார். தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளிவைக்க வேண்டும். இளையவனாகிய என்னையே செய்யவிடும்படி பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அண்ணர் கேட்கவில்லை. "மூத்தவன் நான் இருக்கிறன். என்னைத் தூக்கிக்கொண்டு போங்கோ" என்றார். கதிரையில் இருத்தி நாலு பேர் சுடலைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். குடத்தை அவருடைய தோளில் வைத்து, கதிரையோடு சிதையைச் சுற்றி வந்தோம். வழமைப்படி குடத்தில் கத்தியால் துளையிட்டார்கள். தண்ணீர் அவருடைய தோளால் வழிந்து தொடைகளில் விழுந்தது. குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர்.

இரண்டு கால்களும் ஒரேயடியாக விறைத்து நீண்டன. பாதங்கள் கதிரையின் முன்சட்டத்தில் ஊன்றின. அண்ணரின் உடம்பு கதிரையை விட்டு மேலே எழும்பியது. பார்த்தவர்களுக்கு, ஒரு மனிதர் எழுந்து நிற்கப் போய், பிறகு நினைத்துக்கொண்டு உட்கார்ந்தது போலத்தான் தெரிந்திருக்கும்.

கூட்டத்தில் ஒருவர், "கால் வேலை செய்யுது. தேப்பனுக்காகவெண்டாலும் நடந்திருக்கலாம்" என்றார். அவர் யார் என்று எழுத மாட்டேன். அவரும் இந்த மலரைக் கையில் வைத்திருப்பார். அவர்மேல் கோபமில்லை. டாக்டரின் பேச்சைக் கேட்காதவனாக இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அண்ணர் திரும்பிப் பார்க்கவில்லை. கொள்ளியை வைத்தார்.

பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. அண்ணிக்கு அதைச் சொன்னவர் அவருடைய தமையனார். அண்ணி முதலில் நம்பவில்லை. சில நாள் கழித்து, கிணற்றிலிருந்து வாளியோடு வந்தவர், கொஞ்சத் தண்ணீரை அண்ணரின் காலில் தெளித்தார். கால் துள்ளியது.

"இது என்ன?" என்று அண்ணி கேட்டார்.

"நான் செய்யேல்லை."

"உங்கட கால்தானே?"

"நான் செய்யேல்லை எண்டு சொல்லுறன்."

நான் வாசலில் நின்றேன். அம்மா குசினியில் நின்றார். அண்ணர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், சொல்லாதே என்று. அண்ணி வாளியை வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகும் அவர் அண்ணரைக் குளிப்பாட்டினார், உணவு கொடுத்தார். ஆனால் கதை நின்றுவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் தமையனார் வந்து அண்ணியையும் மகளையும் மூதூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது மகள் தகப்பனின் காலைக் கட்டிப் பிடித்தாள். கால் உதைத்தது. பிள்ளை பயந்து கையை எடுத்துவிட்டாள்.

அண்ணிக்காவது சொல்லியிருக்கலாமே என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "விளக்கம் சொன்னால்தான் என்னை நம்புவினமெண்டால், அந்த நம்பிக்கையை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்றார். அது வீம்பா துக்கமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அம்மா இன்னும் பல வருடங்கள் இருந்தார். ஒவ்வொரு காலையும் விரலால் தொட்டார். அண்ணர் "ஓமம்மா" என்றார். உறவினர் வருவது குறைந்தது. வந்த சிலர் கட்டிலில் இருப்பதுபோல் இருந்து, காலைத் தட்டிப் பார்த்தார்கள். உசேன் நானா மட்டும் துறை கடந்து, மீனோ முட்டையோ எடுத்துக்கொண்டு வருவார். அவருக்கு நாங்கள் எதையும் விளங்கப்படுத்தவில்லை. "அவன் ஏலாதெண்டு சொன்னா ஏலாதுதான். பம்படிச்ச எனக்குத் தெரியாதா அவன" என்பார்.

சென்ற வருடக் கடைசியில் அம்மா காலமானார். கால் சுகமாகி வருகிறது என்று நம்பிக்கொண்டே கண்ணை மூடினார். எட்டுச்சடங்கு முடிந்த அன்று அண்ணர் என்னைக் கூப்பிட்டார்.

"இனிச் சொல்லலாம்" என்றார்.

"ஆருக்கு அண்ணை?"

"எல்லாருக்கும்" என்றார். பிறகு, "அவவுக்கு" என்றார்.

மூதூருக்குப் போக நான் புறப்பட்டபோது அண்ணருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மூத்திரப்பைக்கு மூளையின் கட்டளையும் வேண்டும்; அது இல்லாததால் அதில் சிறுநீர் தேங்கி நஞ்சாகி, சிறுநீரகம்வரை போய்விட்டது. நோவும் சேதிதான், அந்தச் சேதி அவருக்கு வரவில்லை. உள்ளே எரிந்துகொண்டிருந்ததை அவர் அறியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பலனில்லை. அந்த டாக்டர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். அண்ணர் கடைசிவரை தெளிவாகக் கதைத்தார். என்னிடம், சொன்னாயா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். பரவாயில்லை என்றார். அதுதான் கடைசிக் கதை.

மரணச் சடங்குக்கு அண்ணியும் மகளும் வந்தார்கள். மகள் வளர்ந்துவிட்டாள். நான் அண்ணிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாய் வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியளோ தம்பி" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அண்ணரின் நோயில் உதவிய அந்த இளம் டாக்டருக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், அவரைத் தூக்கவும் தண்ணீர் அள்ளவும் வந்த பாலையூற்று அயலவருக்கும், கடைசி நாளிலும் தலைமாட்டில் இருந்த உசேன் நானாவுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளுக்கு வந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்கிறேன். அண்ணரைத் தப்பாக நினைத்தவர்கள் எவரிடமும் நான் விளக்கம் கேட்கவில்லை. இதை ஒருமுறை முழுதாக வாசித்தால் போதும். அதனால் அவருக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணி, அன்று நீங்கள் தண்ணீர் தெளித்தபோது அண்ணர் சொன்னது உண்மை. அவர் செய்யவில்லை. அந்தத் தண்ணீரின் குளிர் அவருக்குத் தெரியவும் இல்லை. உங்களை மட்டும்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலையூற்று,
1974 மாசி 19.