பச்சைப் புள்ளியும் காய்ந்த வயலும்

கோவையில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில், செயலிகளின் திரைகளை வடிவமைப்பது என் பொறுப்பு. பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வேன். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பெருமாட்டிப் பக்கத்து விவசாயிகளுக்காகக் கால்வாய்த் தண்ணீர்ச் செயலி ஒன்று வந்தபோது, அதை நானே கேட்டு வாங்கினேன். ஊர்க்காரி என்ற திமிர்தான்.

மேல் வயல்காரர் தன் முறை முடிந்ததும் பொத்தானைத் தட்டுவார். கீழ் வயல்காரருக்கு ‘உங்கள் முறை’ என்று செய்தி போகும். ‘வயலுக்கு நடக்க வேண்டாம், வீட்டிலிருந்தே தட்டலாம்’ என்று பொத்தானுக்கு மேலே எழுதியவளும் நான்தான்.

முதல் நாள் என்னால் இருக்கையில் உட்கார முடியவில்லை. எங்கள் வாய்க்காலில் அப்பாவின் வயல் மேலே, அத்தையின் வயல் கீழே. அத்தையின் நெல் பால் பிடிக்கும் சமயம். அன்றைய தண்ணீரைத் தவறவிட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்துத்தான். பதினொரு மணிக்கு அப்பாவின் பெயருக்கு எதிரே, முறை முடிந்ததென்று பச்சைப் புள்ளி வந்தது. அத்தை செய்தியைப் படித்துவிட்டார் என்பதும் திரையில் தெரிந்தது. இரண்டு மணிக்கு அவர் பெயரும் பச்சையானது. முறை நேரம் முடிந்தால் தானாக மாறும்படி நாங்கள் செய்திருந்தோம். எல்லாம் சரியாக இருந்தது, ஆனாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு டீ குடித்தேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எல்லைச் செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றபோது எல்லா டிரைவர்களையும் மனசுக்குள் திட்டினேன்.

அப்பாவின் வயல் நிரம்பி ஓடைக்கு வழிந்திருந்தது. அத்தையின் வயல் வெடித்தபடியே கிடந்தது. அத்தை வரப்பில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்கத்தை, போன்ல சேதி வர்லீங்களா?”

“வந்துது கண்ணு. அண்ணன் வரலியே.”

மேல் வயல்காரர் வந்து நின்று, தன் மடையைத் தானே அடைத்து, ‘கொண்டு போங்க’ என்று வாயால் சொல்ல வேண்டும். ஆள் இல்லாத மடையில் கை வைத்தால் எங்கள் ஊரில் அது திருட்டு. பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் நூறு தடவை பார்த்ததுதான். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

“அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாமுங்களே?”

“தண்ணிக்காக அண்ணனைத் தொரத்தறதா? எப்பவும் வர்றவரு, வந்துருவாருன்னு பாத்தேன்.”

வீட்டில் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். “எம் பொண்ணு பண்ணுனதுங்க. நடக்கவே வேண்டாம்.” நான் விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்கு ஓடினார். தண்ணீர் அதற்குள் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விட்டது.

அறுவடையில் அத்தைக்குப் பாதிக்குமேல் பதர்.

‘வயலுக்கு நடக்க வேண்டாம்’ என்ற வரியை எடுத்துவிடலாம், மேல் வயல்காரர் மடையில் நின்றால் மட்டும் பொத்தான் வேலை செய்யட்டும் என்று அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். மேலாளர் சிரித்தபடி திரையைக் காட்டினார். அத்தையின் எண்ணிலிருந்து செயலிக்கு ஐந்து நட்சத்திரம். இவ்வளவு பிடித்திருப்பதை எதற்கு மாற்ற வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வெளியே வந்து அத்தையைக் கூப்பிட்டேன். அதை மாற்றி ஒரே ஒரு நட்சத்திரம் போடுங்கள், அப்போதுதான் இங்கே கேட்பார்கள் என்று கெஞ்சினேன்.

“அண்ணன் ஊட்டுப் புள்ள பண்ணுனதுக்கு ஒண்ணு போடறதா? அது மட்டும் எங்கையில ஆவாது கண்ணு.”